பேர் எழுதிக் கொடுத்த கை

12.6.1987
பள்ளிக்கூடம் திறந்து நாலு நாள் ஆகிறது. ஐந்தாம் வகுப்பில் அறுபத்தொரு பிள்ளைகள், பெஞ்சு இருபது. கொரட்டூருக்குத் தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் இவர் வானொலி நிலையத்திலிருந்து கையில் மெமோவோடு வந்து நிற்கிறார்.

மெமோ வாங்கின மனுஷன் மாதிரியா இருந்தது அந்த முகம்? மாலை போட்டு அனுப்பி வைத்த மாதிரி இருந்தது. போன வாரம் குடும்ப நிகழ்ச்சியில் நேயர் கடிதம் வாசிக்கும்போது, எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு இவராகப் பேசியிருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்டுக்குப் போகும் பெண்களைப் பற்றி. "விளக்கேற்ற வேண்டியவள் வெளியே போனால் வீடு இருட்டுத்தான்" என்றாராம். நிலையத்தில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தால் இவர் சிரிக்கிறார். "நூத்தி முப்பது லெட்டர் வந்துகீது டீச்சர்! எல்லாம் பாராட்டு. நீ இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறே?"

மைக்குக்கு ஒரு வாய், வீட்டுக்கு ஒரு வாய். மைக் முன்னால் செந்தமிழ் தேனாக வழியும். வீட்டில் இப்படித்தான்.

எனக்கு ஏன் பயம்? இவர் வாசிப்பதையெல்லாம் நகல் எடுத்துக் கொடுப்பது நான். கல்யாணமான வருஷத்திலிருந்து. கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்து வேண்டும், தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும், ஒரு வாக்கியம் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது, பின் குத்தக் கூடாது. தாள் திரும்பும் சத்தம் மைக்கில் விழுமாம். ஆனால் ஒரு வரியைக்கூட முன்கூட்டிப் படித்துப் பார்க்க மாட்டார். பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதுதான் வித்தை. "செவப்பு லைட்டு எரிஞ்சா கையில கீறத முடிச்சிட்டுத்தான் மூச்சு உடணும். நடுவுல நிக்கிறவன் அறிவிப்பாளனே இல்ல." பதினெட்டு வருஷமாக நின்றதில்லை. அந்தக் கர்வம் ஒரு மலை இருக்கும்.

முதல் தடவையாக என் தாளில் இல்லாததைப் பேசியிருக்கிறார். அதுதான் பயம்.

3.9.1987
ராஜினாமா எழுதிவிட்டார். அதையும் நான்தான் நகல் எடுத்தேன்.

24.1.1989
சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றுவிட்டார். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டு. சுயேச்சைக்கு அது பெரிது என்கிறார்கள். பெண்கள்தான் போட்டார்களாம், குரலுக்காக. வாக்குச்சாவடியில் ஒரு அம்மாள், "ரேடியோல பேசறாரே, அவருக்கு எங்க குத்தறது?" என்று கேட்டாளாம்.

நாகேந்திரன் என்று ஒருவன் தினமும் வருகிறான். முப்பது வயசிருக்கும். எஸ்டேட்டில் ஆள் சப்ளை செய்கிற காண்டிராக்டு. இவரை "அண்ணாத்தே" என்கிறான். என்னை "டீச்சரம்மா". பணிவாகத்தான் பேசுகிறான். ஆனால் பேசும்போது கண் வீட்டைச் சுற்றி அளக்கிறது. மகள் பத்மா காபி கொண்டுவந்தபோது நானே வாங்கிக்கொண்டு அவளை உள்ளே அனுப்பினேன்.

14.4.1990
புத்தாண்டு. 'இல்லறக் காப்பு மன்றம்' ஆரம்பித்தாயிற்று. இனிமேல் சனிக்கிழமைதோறும் அம்பத்தூர் மார்க்கெட் பக்கம் கூட்டம்.

இன்று புதிதாக ஒன்று செய்தார். ரிஜிஸ்தர் ஆபீசில் பதிவுக் கல்யாணத்துக்கு மனு கொடுத்தால் முப்பது நாள் பலகையில் பேர் ஒட்டி வைப்பார்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்வதற்காக. வாசலில் பத்திரம் எழுதும் கோதண்டம் அதைப் பார்த்து எழுதி, வியாழக்கிழமை உறையில் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார். பேர், வயசு, வேலை, விலாசம். வேற்றுச் சாதி, வேற்று மதம் என்று சேர்கிறவர்கள்தான் அதில் பெரும்பாலும். அதை நான் நகல் எடுத்தேன். இவர் அதை நேயர் விருப்பம் வாசிக்கிற குரலில் வாசித்தார். "இந்தத் திருமணத்தை விரும்பிக் கேட்டிருக்கும் நேயர்கள்... வானகரத்திலிருந்து..." என்று இழுத்தார் பாருங்கள், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

நானும் சிரித்தேன். பொய் எழுதக் கூடாது. சிரித்தேன்.

2.5.1990
வானகரத்தில் அந்தப் பையன் வீட்டு ஜன்னலையெல்லாம் உடைத்துவிட்டார்களாம். நாகேந்திரன் வந்து வாயெல்லாம் பல்லாகச் சொல்கிறான். "அண்ணாத்தே பேரப் படிச்சாரு, நம்ம பசங்க ஊட்டக் கண்டுபுட்ச்சானுங்க!"

இவர் முகம் ஒரு நிமிஷம் சுண்டிப் போனது. அவன் போன பிறகு கேட்டேன், "ஏங்க, விலாசம் வேண்டாமே. பேர் மட்டும் போதாதா?"

"பலகையில ஒட்டினது சர்க்காரு. நான் வாசிக்கிறேன், அவ்ளோதான். வாசிக்கிறவன் மேல பழி வருமா?"

வாசிக்கிறவர் மேல் வராது. எழுதுகிறவள் மேல்? கேட்கவில்லை.

19.11.1991
பெரிய கட்சியிலிருந்து இரண்டு பேர் அம்பாசடர் காரில் வந்தார்கள். அடுத்த தேர்தலில் இவருக்கு இடமாம். கூட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்று நாலு வீட்டுக்கு இனிப்பு கொடுத்தேன். எனக்கு இறங்கவில்லை.

30.7.1992, வியாழன்
எழுத்து கோணலாகப் போனால் போகட்டும்.

கோதண்டம் அனுப்பின உறையில் ஆறு ஜோடி. நாலாவதாக— எ. பத்மா, 23, தட்டச்சர். எஸ்டேட் மகளிர் விடுதி விலாசம். மாப்பிள்ளை ஆரோக்கியராஜ், 27, ஃபிட்டர், ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பு.

எத்தனையோ பத்மா இருப்பார்கள் என்று மூணு தரம் சொல்லிக்கொண்டேன். ஆரோக்கியராஜ் என்ற பேர் எனக்குத் தெரியாதா? போன தீபாவளிக்கு "எஸ்டேட்டுல கூட வேலை பாக்கிறவர்மா" என்று பஸ் ஸ்டாண்டில் காட்டினாளே! அன்றைக்கே என் மனசு சொன்னது. நான்தான் காதைப் பொத்திக்கொண்டேன்.

கோதண்டத்துக்கு இவள் யாரென்று தெரியாது. பலகையில் தகப்பன் பேர் கிடையாது, இவள் வீட்டு விலாசமும் கொடுக்கவில்லை. அதனால் இன்னும் யாருக்கும் தெரியாது.

ஆறு மணிக்கு வந்தாள். சமையலறைக்கு இழுத்துப்போய்த் தாளைக் காட்டினேன். வெளுத்துப் போனாள்.

"எத்தினி நாளா?"

"மூணு வருஷமா."

"சர்ச்சுக்குப் போகப் போறியா?"

"இல்லம்மா. அவரும் கோயிலுக்கு வரமாட்டாரு. அதான் ரிஜிஸ்தர்." பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இன்னும் மூணு வாரம். இருபத்திநாலாந் தேதி ஆயிடும். நைனா காதுக்குப் போவாம பாத்துக்கோம்மா. நாகேந்திரன் ஆளுங்க அவரக் கொன்னுடுவானுங்கம்மா."

நைனா காதுக்கா? அடி பைத்தியமே, உன் நைனா வாயால்தான் ஊருக்கே போகப் போகிறது. முன்கூட்டிப் படிக்காத மனுஷன். மேடையில் நின்று, அந்த இழுப்போடு, பெற்ற மகள் பேரை...

விட்டுவிட்டேன். நாலாவது பேரை எழுதவில்லை. மற்ற ஐந்தையும் எழுதினேன்.

1.8.1992, சனி
வாசித்துவிட்டார். ஐந்துதான். யாரும் எண்ணவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். வழியெல்லாம் யாராவது கூப்பிடுகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

3.8.1992
பருத்திப்பட்டில் ஒரு பெண்ணை நேற்று அவள் மாமன்களும் மன்றத்து ஆட்களும் சேர்ந்து வீட்டுக்குள் புகுந்து இழுத்து, தலைமுடியை அறுத்திருக்கிறார்கள். அவள் மூட்டைப்பூச்சி மருந்தைக் குடித்துவிட்டாளாம். ஸ்டாஃப் ரூமில் கஸ்தூரி டீச்சர் சொன்னாள். "உனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான்டி. உன் கிளாஸ்ல படிச்சது. ரெட்டைச் சடை போட்டுக்கினு வருமே, லோகநாயகி."

வீட்டுக்கு வந்து நகலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது பேர். ம. லோகநாயகி, 21, பருத்திப்பட்டு, ஏரிக்கரைத் தெரு. என் கையெழுத்து. 'நா'வுக்கு நான் போடுகிற நீளமான கால்.

எழுதும்போது படிக்கவே இல்லை நான். பத்மா பேர் மேல் பேனா படாமல் தாண்டிப் போவதிலேயே குறியாக இருந்தேன்.

4.8.1992
அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. உயிர் தப்பியிருக்கிறாள், தொண்டை வெந்துவிட்டதாம், பேச்சு வருமா தெரியாது என்கிறார்கள். அவளைக் கட்டிக்கொள்ள இருந்த பையனைக் காணோமாம்.

வராந்தாவில் அவள் அம்மா என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, நீங்களாவது வந்தீங்களே! எவனோ பேர எழுதிக் குட்த்துகிறான் டீச்சரம்மா. எழுதுன கை புழுத்துப் பூடும். பாத்துகினே இருங்க, புழுத்துப் பூடும்."

அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

பத்மாவிடம் சொன்னேன். கேட்டாள், "என் பேர எடுத்துட்டு அந்தப் பொண்ணு பேர எழுதினியாம்மா?"

இல்லைடி, இரண்டும் பட்டியலில் இருந்தது, நான்— என்று ஆரம்பித்தேன். எதைச் சொன்னாலும் அவள் கேட்டதுதான் மிச்சம்.

6.8.1992, வியாழன்
இவர் இல்லாத நேரமாகப் பார்த்து நாகேந்திரன் வந்தான். ஈஸி சேரில் உட்கார்ந்தான். இவர் சேரில்!

"இன்னா டீச்சரம்மா, கோதண்டம் ஆறு பேர் குட்த்தேன்றாரு. அண்ணாத்தே அஞ்சுதான படிச்சாரு?"

"மையில தண்ணி பட்டுடுச்சு. தெரியலை, விட்டுட்டேன்."

"அப்டியா." சிரித்தான். "பரவால்ல. திங்கக்கெழம நானே ஆபீசாண்ட போய் போர்டப் பாத்துடறேன். இன்னாத்துக்கு உங்களுக்குத் தொந்தரவு?"

போகும்போது பத்மாவின் செருப்பை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனான். தெரிந்து பார்த்தானா? தெரியாமலா? திங்கள் வரைக்கும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூணே நாள்தான் முழுசாக இருக்கிறது.

இவரிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன செய்வார்? கத்துவார், கதவைப் பூட்டுவார், பத்மாவை எங்காவது சொந்தத்தில் கொண்டுபோய் விடுவார். சனிக்கிழமை மேடையில் வேறு வீட்டுப் பெண்கள் பேரை வாசிப்பார். எனக்கு இவரைத் தெரியாதா?

நாகேந்திரன் அந்தப் பேரைச் சொன்னால் அது அவன் கையில் கத்தி. யார் கையில் இருக்க வேண்டிய பேர் அது?

8.8.1992, சனி
நடந்தது நடந்தபடி.

காலையில் பத்மாவை ஆவடிக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பையன் வீடு குடியிருப்புக்குள்ளே. கேட்டில் காவல் இருக்கிறது, பேர் எழுதாமல் யாரும் உள்ளே போக முடியாது. அவன் அப்பா கேட் வரைக்கும் வந்து, "நம்ம பொண்ணும்மா, நீங்க போய்ட்டு வாங்க" என்றார். முன்பின் பார்த்திராத மனுஷர். கையெடுத்துக் கும்பிட்டேன்.

இந்த வாரம் கோதண்டம் அனுப்பினது மூணு ஜோடி. அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். ஒரே ஒரு வெள்ளைத் தாள் எடுத்துப் பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும், ஒரே வாக்கியமாக எழுதினேன். ஃபைலில் வைத்துக் கொடுத்தேன். இவர் வழக்கம்போலத் திறந்து பார்க்கவில்லை. "இன்னா லேசா கீது?" என்றார். "இந்த வாரம் கம்மி" என்றேன்.

பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் பேசினார். பிறகு ஃபைலைத் திறந்தார். கூட்டம் இப்போதே சிரிக்கத் தயார்.

"இந்தத் திருமணத்தை விரும்பிக் கேட்டிருக்கும் நேயர்... கொரட்டூரிலிருந்து..." சொந்த ஊர் என்றதும் விசில் பறந்தது. "...எ. பத்மா, வயது இருபத்துமூன்று, தட்டச்சர், தகப்பனார் வானொலி எத்திராஜ், தாயார் வரலட்சுமி, ஆசிரியை, ஆவடி ஆரோக்கியராஜைத் தாயாரின் முழுச் சம்மதத்தோடு மணக்கிறார்."

நிற்கவில்லை. 'தகப்பனார்' என்ற இடத்தில் குரல் ஒரு இழை மெலிந்தது, அவ்வளவுதான். கடைசிச் சொல் வரைக்கும் வாசித்து, முற்றுப்புள்ளிக்குக் குரலை எப்படி இறக்குவாரோ அப்படியே இறக்கி முடித்தார். பின்வரிசையில் எவனோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் அவனை அடக்கினான். மைக் 'உம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது.

தாளைத் திருப்பிப் பார்த்தார். வெறும் பக்கம். பிறகு என்னைப் பார்த்தார். மேடைக்குக் கீழே நின்ற நாகேந்திரன் என்னைப் பார்த்ததைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அடிப்பார் என்று நினைத்தேன். சேரில் உட்கார்ந்தார். "நீ பின்பக்கம் எழுதமாட்டேனு தெரியும் எனக்கு. அப்பயும் திருப்பிப் பார்த்தேன்" என்றார். மைக் குரலும் இல்லை, வீட்டுக் குரலும் இல்லை.

லோகநாயகியைப் பற்றிச் சொன்னேன். முடியை அறுத்தது, மருந்தைக் குடித்தது, அவள் அம்மா என் கையைப் பிடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் வாசிச்சேன், அவ்ளோதான்" என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

9.8.1992
ஜன்னல் கண்ணாடி இரண்டும் போயிற்று. பட்டப்பகலில், பன்னிரண்டு மணிக்கு. கல் எறிந்தவர்களை இவருக்குத் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிட்டார், "டேய் ராமா!" அவன் ஓடவில்லை. நடந்து போனான்.

24.8.1992
பத்மாவுக்குக் கல்யாணம் பதிவாயிற்று. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். இவர் வரவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. கோதண்டம் வாசலில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டார்.

11.3.1994
மன்றத்தை நாகேந்திரன் எடுத்துக்கொண்டான். இவர் வீட்டில் இருக்கிறார். பெரிய கட்சி கார் இப்போது அவன் வீட்டுக்குப் போகிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்று பக்கத்து வீட்டில் என் காதுபடச் சொன்னார்கள். சொல்லட்டும்.

ஆவடி ஸ்டேஷனில் லோகநாயகியைப் பார்த்தேன். முடி தோள் வரைக்கும் வளர்ந்திருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். குரல் காற்று மாதிரி வருகிறது, பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். "நல்லாருக்கீங்களா டீச்சர்?" என்றாள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. ரயில் வந்துவிட்டது என்று பொய் சொல்லி ஓடி வந்தேன்.

14.9.1996, சனி
நகராட்சித் தேர்தல். தெருவெல்லாம் ஆட்டோ ஒலிபெருக்கி. நாகேந்திரன் சேர்மனுக்கு நிற்கிறான். இவர் மாதிரியே இழுத்து இழுத்துப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறான். முதலில் கேட்டபோது இவர்தான் பேசுகிறார் என்று திடுக்கிட்டேன்.

சாயங்காலம் நாலு பேரோடு வந்தான். ஆனால் ரொம்ப மரியாதை. "அண்ணாத்தே, பழசெல்லாம் உட்டுடு. இன்னிக்கி ஒரே ஒரு கூட்டம். உன் கொரலு ஒண்ணு போதும், வார்டு ஒண்ணு உனக்குத்தான். இந்தா, இத மட்டும் வாசிச்சிட்டு வந்துடு." மடித்த தாள் ஒன்றை நீட்டினான். டைப் அடித்தது. எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. பேர், வயசு, வேலை, விலாசம்.

இவர் வாங்கினார். நாலு வருஷமாக மைக் பார்க்காத மனுஷன். கை ஏந்துகிற விதத்திலேயே தெரிந்தது, எவ்வளவு ஆசை என்று.

வாசிக்க ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். உதடு மட்டும் அசைந்தது. மனசுக்குள் படித்தார். முதல் பேரிலிருந்து கடைசிப் பேர் வரைக்கும், ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. இருபத்தேழு வருஷத்தில் இவர் ஒரு தாளை முன்கூட்டிப் படித்து நான் பார்த்ததே இல்லை. படித்து முடித்து, பழைய மடிப்பிலேயே மடித்து, அவன் கையில் கொடுத்தார்.

"கண்ணாடி இல்ல நாகேந்திரா. எழுத்து தெரியல."

"மூக்கு மேலதான அண்ணாத்தே கீது?"

"கீது. தெரியல."

நாகேந்திரன் ஜன்னலைப் பார்த்து, "கண்ணாடி புதுசா போட்டுகிறீங்க போல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இவருக்கு வேர்த்திருந்தது. தண்ணீர் கேட்டார். டம்ளர் பல்லில் பட்டுச் சத்தம் கேட்டது. பயந்துதான் போயிருக்கிறார், என்னை மாதிரியே. பாயை ஜன்னலுக்குக் கீழேயிருந்து இழுத்து உள்சுவர் ஓரமாகப் போட்டிருக்கிறேன்.

இவர் முடித்துவிட்டார். நான் இன்னும் முடிக்கவில்லை.

நாளை ஞாயிறு. ஏழரை ரயிலில் ஆவடி போய் இறங்கினால் பருத்திப்பட்டுக்கு பஸ் இருக்கிறது. லோகநாயகி வீட்டில்தான் இருப்பாள், தையல் தைக்கிறாளாம். அவள் அம்மாவும் இருப்பாள். இருக்கட்டும். இரண்டு பேர் முன்னாலும் சொல்ல வேண்டும், எழுதினது யார் கை என்று. அந்தப் பழைய நகலையும் எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.